சடகோபன் சார் விழுந்த ஞாயிறு

ரங்கனுக்கு வேண்டியதெல்லாம் ஒரு நாற்காலி. சித்தூருக்கு வெளியே இருக்கும் மாங்கூழ் ஆலையின் சரக்கு முற்றத்தில், தகரக் கூரைக்குக் கீழே, ஃபேனுக்கு நேராக அது கிடந்தது. பிளாஸ்டிக் நாற்காலி. ஒரு கை உடைந்து கம்பியால் கட்டியிருந்தார்கள். அதில் உட்கார்ந்து விசில் ஊதிக்கொண்டிருந்த சூப்பர்வைசர் போன சீசனோடு வேலையை விட்டுவிட்டுப் பெங்களூரில் இருக்கும் மகனிடம் போய்விட்டார். இப்போது அதன் கீழே ஒரு நாய் படுத்திருந்தது.

ரங்கன் அந்த ஆலையின் லோடு மேஸ்திரி. மாங்கூழ் அடைத்த இரும்பு டிரம்மைச் சாய்த்து, விளிம்பில் நிறுத்தி உருட்டி, கண்டெய்னருக்குள் ஏற்றுகிற கூட்டத்துக்குத் தலைவன். அந்தக் கூட்டத்தில் தலைவன் என்றால் கனமான பக்கத்தில் நிற்பவன் என்று பொருள். அப்படி நின்று நின்று அவன் முதுகெலும்பில் ஒரு தட்டு விலகிவிட்டது. இடது கால் அவ்வப்போது மரத்துப்போய், கூப்பிட்டால் வராமல் நின்றது. வேலூரில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், இனிமேல் அரிசி மூட்டையைக்கூடத் தொடாதே, தொட்டால் அந்தக் கால் உனக்கு இல்லை என்றார். தூக்காவிட்டால் சோறு இல்லை என்பதை டாக்டரிடம் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை என்பதால் ரங்கன் சொல்லவில்லை. புத்தலப்பட்டுக்குப் பக்கத்தில் அவனுக்குக் கொஞ்சம் கடலைக் கொல்லை இருந்தது. அதில் விளைந்ததையெல்லாம் காட்டுப்பன்றிகள் தின்று நன்றாக இருந்தன.

மேனேஜர் வேங்கடாசலம் கெட்டவர் இல்லை. நாற்காலியை ரங்கனுக்கே கொடுக்கலாம் என்றுதான் அவரும் நினைத்தார். ஆனால் கூழ் வாங்க வந்த வெளிநாட்டுக்காரர்கள் முற்றத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இங்கே மேற்பார்வை பார்ப்பவர் தலைமைப் பயிற்சி பெற்றவரா என்று கேட்டிருக்கிறார்கள். ஆமாம் என்று வேங்கடாசலம் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் ஆள் தேட ஆரம்பித்தார்.

"ரங்கா, சேர் நீதேரா, உனக்குத்தான். சர்டிபிகேட் மட்டும் எடுத்துக்கினு வந்துடு," என்றார். சீசன் தொடங்குவதற்குள் வரவில்லையென்றால் மெட்ராஸ் ஏஜென்சியிலிருந்து படித்த ஆளைப் போட வேண்டியிருக்கும், நீ பழையபடி டிரம்முக்குப் போக வேண்டியதுதான் என்பதையும் சொன்னார்.

திருப்பதியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சமுதாயக் கல்லூரி இருந்தது. கீழே மொட்டை போட்டவர்களுக்குத் தொப்பி விற்கும் கடை, மேலே கல்லூரி. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆளுமை வளர்ச்சி, தலைமைப் பண்பு, மானிடக் கலைகள் என்று மூன்றையும் சேர்த்து ஒரே படிப்பாக நடத்தினார்கள். புத்தகம் இங்கிலீஷில் இருக்கும், தெலுங்கில் விளக்குவார்கள். தமிழில் வேண்டுமென்றால் போதுமான ஆள் சேர வேண்டும் என்றார்கள். கண்டெய்னர் ஏற்ற ஆள் போதாவிட்டால் மேஸ்திரி என்ன செய்வானோ அதைத்தான் ரங்கன் செய்தான். தன் கூட்டத்திலிருந்து சீனுவையும் சலீமையும் இழுத்துக்கொண்டு போனான். இது எத்தனை ஞாயிறு ஓடும் என்று சீனு கேட்டான். சலீம் ஒன்றும் கேட்கவில்லை. பஸ்ஸில் ஏறியதும் தூங்கிவிட்டான்.

சொல்லித்தந்தவர் சடகோபன். அரக்கோணத்திலிருந்து ரயிலில் வருவார். குள்ளமாக, உருண்டையாக, சட்டையைப் பேண்ட்டுக்குள் இறுக்கிச் செருகியிருப்பார். எல்லோரையும் சார், மேடம் என்றுதான் கூப்பிடுவார். "ரங்கன் சார், உட்காருங்க" என்று அவர் முதன்முதலாகச் சொன்னபோது ரங்கன் திரும்பிப் பின்னால் பார்த்தான். பின்னால் சலீம்தான் இருந்தான், வாயைத் திறந்து தூங்கிக்கொண்டு.

வகுப்பில் லாட்ஜ் ரிசப்ஷனில் வேலை செய்யும் பிரித்திகா இருந்தாள். திருத்தணிக்காரி, மே மாதம் கல்யாணம். ஸ்ரீசிட்டியில் மொபைல் கம்பெனிக்குப் போகும் நந்திதா இருந்தாள். லைன் லீடர் ஆக வேண்டும் என்று வந்தவள். அதே கம்பெனிப் பையன்கள் சிலர் இருந்தார்கள். அவர்கள் எதற்கு வந்தார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. செல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதல் பாடம், உங்கள் பலம் எது, பலவீனம் எது என்று எழுதுவது. ரங்கன் பலம் என்ற இடத்தில் முதுகு என்று எழுதினான். பலவீனம் என்ற இடத்திலும் முதுகு என்று எழுதினான். சடகோபன் அதைப் படித்துவிட்டு வெகுநேரம் மோவாயைத் தடவினார்.

அடுத்த வாரம் கண்ணைப் பார்த்துப் பேசுவது. எதிராளியின் கண்ணைப் பார்த்துப் பேசினால் பொய் சொன்னாலும் நம்புவார்கள் என்று அவர் சொல்லவில்லை. நம்பிக்கை பிறக்கும் என்றுதான் சொன்னார். ரங்கன் அதைத் திரும்பி வரும் பஸ்ஸிலேயே செய்து பார்த்தான். கண்டக்டர் டிக்கெட் கேட்டபோது அவர் கண்ணையே பார்த்துக்கொண்டு புத்தலப்பட்டு என்றான். கண்டக்டர் சில்லறையைக் கொடுத்துவிட்டுப் போனவர், சந்திரகிரி தாண்டுவதற்குள் மூன்று தடவை திரும்பிப் பார்த்தார்.

அதற்கும் அடுத்த வாரம் கவனித்துக் கேட்பது. எதிராளி சொன்னதை நம் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும்; அப்போதுதான் நாம் கேட்டோம் என்று அவருக்குத் தெரியும். ரங்கனின் மனைவி சென்னம்மா அதே ஆலையில் மாம்பழம் பொறுக்கும் ஷெட்டில் வேலை செய்கிறவள். சீசன் இல்லாத நாளில் கொல்லை வேலை. அன்று இரவு கேஸ் தீர்ந்துவிட்டது என்றாள். "கேஸ் தீந்துடுச்சின்னு நீ சொல்ற," என்றான் ரங்கன். ஆமாம், போய் வாங்கிக்கொண்டு வா என்றாள். "நான் போயி வாங்கிக்கினு வரணும்னு நீ ஃபீல் பண்ற," என்றான். அவள் கையில் கரண்டி இருந்தது. அதற்குமேல் அவன் கவனித்துக் கேட்கவில்லை.

மானிடக் கலைகளில் ஒரு கட்டுரை கொடுத்தார். மனிதன் என்பவன் யார்? சலீம், ஞாயிற்றுக்கிழமை தூங்க வேண்டியவன் என்று ஒரே வரியில் முடித்துவிட்டான். சீனு பாதிப் பக்கம் எழுதி, அதை அடித்துவிட்டு, பிறகு சொல்கிறேன் என்று எழுதியிருந்தான். மனிதன் என்பவன் உட்கார்ந்து வேலை செய்ய ஆசைப்படுகிறவன் என்று ரங்கன் எழுதினான். சடகோபன் அதன் பக்கத்தில் சிவப்பு மையில் ஆழமான சிந்தனை என்று போட்டுக் கொடுத்தார். ரங்கன் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் சென்னம்மாவிடம் காட்டினான். இதைச் சொல்ல நான் போதாதா என்றாள்.

எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அந்த ஞாயிறு வரும்வரை.

லோடு வேலைக்கு வருகிற எவனுக்கும் முதலில் சொல்லித்தருவது ஒன்று உண்டு. சரிந்ததைப் பிடிக்காதே. டிரம் ஆனாலும் சர்க்கரை மூட்டை ஆனாலும், கைமீறிச் சாய்ந்துவிட்டால் அது கம்பெனிச் சொத்து, உன் கை உன் சொத்து. யார் முதலில் பார்க்கிறானோ அவன் "வுடு" என்று கத்த வேண்டும். அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் ஏன் எங்கே என்று பார்க்காமல் எல்லோரும் துள்ளி விலக வேண்டும். கன்னையா என்று ஒருவன் இருந்தான். நல்ல பலசாலி. கத்திய பிறகும் டிரம்மைப் பிடித்துப் பார்த்தான். இப்போது இடது கையால் பீடி பற்றவைத்துக்கொண்டு காணிப்பாக்கம் கோயில் பக்கம் செருப்பு டோக்கன் கொடுக்கிறான். அவனை நினைத்தாலே எல்லோருடைய காலும் தானாக விலகிக்கொள்ளும். மூளையைக் கேட்காது.

சடகோபனுக்கு இதெல்லாம் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

தலைமைக்கு அடிப்படை நம்பிக்கை, அதைப் புத்தகத்தில் படிக்க முடியாது, உடம்பால்தான் படிக்க வேண்டும் என்று அன்று அவர் ஆரம்பித்தார். ஒருவர் உயரத்தில் நின்று, கண்ணை மூடி, பின்பக்கமாக விழ வேண்டும். கீழே இருப்பவர்கள் கைகளை நீட்டித் தாங்க வேண்டும். இதற்கு டிரஸ்ட் ஃபால் என்று பெயர். பிராக்டிகல் மதிப்பெண் இதற்குத்தான். முதலில் நானே விழுந்து காட்டுகிறேன் என்று மேஜைமேல் ஏறினார். பாரம் எல்லாம் உடம்பின் மேல்பாதியில்தான் இருக்கும் என்பதால் பலசாலிகளைப் பார்த்து நிறுத்தினார். தோளுக்கும் இடுப்புக்கும் ரங்கனும் சீனுவும் சலீமும். காலுக்குப் பிரித்திகாவும் நந்திதாவும். கம்பெனிப் பையன்கள் செல்லை எடுத்துக்கொண்டு தள்ளி நின்றார்கள்.

அவர் திரும்பி நின்று, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, நான் உங்களை நம்புகிறேன் என்று இங்கிலீஷில் சொன்னார். பிறகு சாய்ந்தார்.

மனிதர்கள் விழுவதை ரங்கன் நிறையப் பார்த்திருக்கிறான். குடித்துவிட்டு விழுகிறவன் முட்டியில் மடங்குவான். மயங்கி விழுகிறவன் துணிபோலச் சுருளுவான். சடகோபன் அப்படி விழவில்லை. குள்ளமான, உருண்டையான உடம்பு, எங்கும் மடங்காமல், குதிகால் விளிம்பில் நின்று, மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்தது. டிரம்தான் அப்படிச் சாயும்.

"வுடு," என்றான் சலீம்.

மூன்று பேரும் மூன்று திசையில் துள்ளினார்கள். சத்தம் கீழே தொப்பிக் கடைவரை கேட்டது. பிரித்திகாவும் நந்திதாவும் சொன்னதைச் செய்கிறவர்கள். ஆளுக்கு ஒரு காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மீதி சடகோபன் தரையில் இருந்தார்.

பிரித்திகா தன் கையில் இருந்த காலை என்ன செய்வது என்று தெரியாமல் மெதுவாகக் கீழே வைத்தாள். சடகோபன் கண்ணைத் திறந்து, ஃபேனைப் பார்த்து, "ஏன் சார்?" என்று கேட்டார்.

புட்டத்து எலும்பின் நுனியில் கீறல் விழுந்திருந்தது. ரங்கன் ஊர் திரும்புவதற்குள் வீடியோ ஊருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. சென்னம்மா அதை அதற்குள் பலமுறை பார்த்துவிட்டாள். அவன் செருப்பைக் கழற்றும்போது, துள்ளியதில் நீதான் ரொம்ப தூரம் போயிருக்கிறாய் என்றாள்.

மறுநாள் மூன்று பேரும் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு திருப்பதி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சடகோபன் நடுவில் ஓட்டை இருந்த ஒரு ரப்பர் வளையத்தின்மேல் உட்கார்ந்திருந்தார். அவருக்கு எலும்பைவிட வேறு எங்கோதான் அதிகம் வலித்தது. எத்தனையோ கூட்டத்தின் முன்னால் விழுந்திருக்கிறேன், பாங்க் ஆட்கள், வாத்தியார்கள், ஒருமுறை போலீஸ்காரர்கள்கூட, யாரும் என்னைக் கீழே விட்டதில்லை என்றார். அந்த வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிச் சொன்னார்.

"நாங்க லோடு ஆளுங்க சார்," என்றான் ரங்கன். "வியுறத புடிச்சா கை பூடும். அதான் பயக்கம்."

"நான் டிரம் இல்ல ரங்கன் சார்."

"வெயிட்டு கம்மிதான் சார்," என்று சலீம் ஆறுதலாகச் சொன்னான்.

கையெழுத்துப் போட முடியாது என்று சடகோபன் சொல்லிவிட்டார். கோபத்தால் இல்லை; நம்பிக்கைக்கு என்று இருக்கும் மதிப்பெண்ணை, நம்பியவனைக் கீழே போட்டவர்களுக்கு எப்படிக் கொடுப்பது? ரங்கன் தன் முதுகைப் பற்றிச் சொன்னான். காலைப் பற்றிச் சொன்னான். சீசன் வரப்போகிறது, இந்தக் காகிதம் இல்லாவிட்டால் திரும்ப டிரம்முக்குத்தான் போக வேண்டும் என்று சொன்னான். சொல்லும்போது அவர் கண்ணைப் பார்த்தே சொன்னான். சடகோபன் நெடுநேரம் சாத்துக்குடியை உருட்டிக்கொண்டிருந்தார். கடைசி ஞாயிறு இன்னொரு வாய்ப்புத் தருகிறேன், நீங்கள் மூன்று பேரும் சேர்ந்து யாராவது ஒருவரைத் தாங்கிப் பிடியுங்கள், அது போதும் என்றார்.

யாரை என்று சீனு கேட்டான்.

"உங்களை நம்புற யாரையாவது," என்றார் சடகோபன்.

அப்படி ஒரு ஆள் திருப்பதியில் இல்லை. பிரித்திகாவிடம் கேட்டார்கள். அவள் மே மாதம் கல்யாணம் என்று மட்டும் சொன்னாள். நந்திதா, கீழே மெத்தை போட்டால் விழுகிறேன் என்றாள். மெத்தை போட்டால் அது மெத்தையை நம்புவது, மனிதரை அல்ல என்று சடகோபன் ஃபோனிலேயே மறுத்துவிட்டார். கம்பெனிப் பையன்கள் வீடியோ எடுக்கத் தயார் என்றார்கள்.

ஆள் கிடைப்பதற்கு முன்னால் காலைப் பழக்குவோம் என்று ரங்கன் முடிவு செய்தான். அவன் வீட்டுக்குப் பின்னால் டிராக்டர் டிரெய்லரை நிறுத்தி, அதன் மேலிருந்து சீனு வைக்கோல் கட்டைத் தள்ளிவிட்டான். ரங்கனும் சலீமும் கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். வைக்கோல் கட்டு தரையில் விழுந்தது. இரண்டு பேரும் வேலி ஓரம் நின்றிருந்தார்கள். எப்போது போனோம் என்று அவர்களுக்கே தெரியவில்லை. மறுபடி தள்ளினான். மறுபடி வேலி. யாரும் கத்தாமலே இப்படி என்றால், கத்தினால் எங்கே போய் நிற்போமோ என்று சலீம் யோசித்தான்.

காலைக் கட்டிவிடலாம் என்ற யோசனையும் அவனுடையதுதான். டிரம் கட்டுகிற கயிற்றால் மூன்று பேருடைய காலையும் ஒன்றோடு ஒன்று கட்டிக்கொண்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் டிரெய்லரில் ஏறிக் கட்டைத் தள்ளினார். மூன்று பேரும் சேர்ந்து ஒரே திசையில் துள்ளி, ஒன்றாகப் போய் எருக்குழியில் விழுந்தார்கள்.

துணி காயப்போட்டுக்கொண்டிருந்த சென்னம்மா சிரித்துச் சிரித்து, நிற்க முடியாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு அடங்கியதும் எழுந்து வந்து, எருக்குழியிலிருந்து எழ முடியாமல் இடது காலைக் கையால் பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்த ரங்கனைப் பார்த்தாள். அந்தக் காலையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நான் வியுறேன்," என்றாள்.

வேண்டாம் என்றான் ரங்கன். நாங்கள் துள்ளுகிற துள்ளலைப் பார்த்தாய் அல்லவா என்றான்.

"பாத்தேன். நாற்காலி வரலன்னா நீ ட்ரம்முகிட்ட பூடுவ. அப்பறம் ஆயுசுக்கும் உன்ன நான்தான் தூக்கிக்கினு திரியணும். அதுக்கு ஒருவாட்டி வியுறது தேவல."

பெண்களுக்கு பஸ் இலவசம் ஆனதிலிருந்து திருப்பதிக்குப் போக அவளுக்கு ஒரு காரணம் மட்டும்தான் தேவைப்பட்டது. கடைசி ஞாயிறு, நல்ல புடவையாகக் கட்டி, விழும்போது விலகாமல் இருக்க மேலிருந்து கீழ்வரை ஊக்கு குத்திக்கொண்டு வந்தாள். இறங்கியதும் தொப்பிக் கடையில் விலை கேட்டுவிட்டுத்தான் மேலே ஏறினாள்.

சடகோபன் ரப்பர் வளையத்தில் உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்து, எழுந்து வரவேற்க முடியாததற்கு மன்னிப்புக் கேட்டார். இந்த மூன்று பேரையும் நீங்கள் நம்புகிறீர்களா மேடம் என்று கேட்டார்.

"இந்த ரெண்டு பேர நம்பல," என்றாள் சென்னம்மா. "இவர கட்டிக்கினதே வியுந்த மாதிரிதான் சார். அதுக்கு இந்த டேபிளு இன்னா உசரம்."

மேஜைமேல் ஏறி நின்றாள். முதலில் அவர்களைப் பார்த்தபடியே நின்றாள். எவன் ஓடுகிறான் என்று பார்க்க வேண்டும் என்றாள். திரும்பித்தான் நிற்க வேண்டும், அதுதான் விதி என்று சடகோபன் சொன்னார். திரும்பினாள். கம்பெனிப் பையன்கள் செல்லைத் தூக்கினார்கள். பிரித்திகாவும் நந்திதாவும் அன்று கால் பக்கமும் போகவில்லை, சுவரோரமாக நின்றார்கள். ரங்கன் நடுவில், இரண்டு பக்கமும் சீனுவும் சலீமும். கத்தக் கூடாது என்று சலீமுக்குச் சத்தியம் வாங்கியிருந்தது. அது போதாதென்று அவன் வாயில் கைக்குட்டையை வைத்துக் கடித்துக்கொண்டிருந்தான்.

சென்னம்மா கண்ணை மூடினாள். சாய்ந்தாள்.

சலீமைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்பட்டார்கள். சென்னம்மாவைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. முற்றத்தை ஒட்டின ஷெட்டில் எத்தனையோ சீசன் மாங்காய் பொறுக்கியவள் அவள். எது சரிந்தாலும் அந்தப் பெண்களும் கத்துவார்கள். குதிகால் விளிம்பில் உடம்பு நழுவுவது தெரிந்ததும் அவள் வாய் அவளைக் கேட்காமல் திறந்தது.

"வுடு," என்றாள்.

சீனு ஜன்னலுக்குப் போனான். கைக்குட்டையைக் கடித்தபடியே சலீம் கதவுக்குப் போனான். ரங்கனும் கிளம்பினான். அதில் சந்தேகம் வேண்டாம். வலது கால் கிளம்பியது, இடுப்பு கிளம்பியது. இடது கால் வரவில்லை. கூப்பிட்டால் வராத அந்தக் கால் அன்றும் வரவில்லை. ஆணியடித்ததுபோல நின்ற இடத்திலேயே நின்றது. நீட்டின கை நீட்டினபடி இருக்க, சென்னம்மா முழுசாக அவன் மார்பில் வந்து விழுந்தாள். அவளை அணைத்தபடி அப்படியே பின்னால் போய்த் தரையில் உட்கார்ந்தான். உட்கார்ந்த சத்தம் முன்பு சடகோபன் விழுந்த சத்தத்தைப் போலவே இருந்தது.

அவளுக்கு ஓர் ஊக்குகூடக் கழலவில்லை.

சடகோபன் வளையத்தை விட்டே எழுந்துவிட்டார். கண் கலங்கியிருந்தது. எல்லோரும் ஓடும்போது ஒருவர் நின்றாரே, இதைத்தான் இத்தனை வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று பிரித்திகாவையும் நந்திதாவையும் பார்த்துச் சொன்னார். பையன்கள் கைதட்டினார்கள். ரங்கனால் கையை எடுத்துக் கும்பிடத்தான் முடிந்தது. எழ முடியவில்லை.

ரங்கனுக்குச் சர்டிபிகேட் கிடைத்தது. சீனுவுக்கும் சலீமுக்கும் கிடைக்கவில்லை. அடுத்த வகுப்பில் மறுபடி சேர்ந்துகொள்ளலாம் என்று சடகோபன் பெருந்தன்மையாகச் சொன்னார். அவர் முடிப்பதற்குள் இருவரும் படியிறங்கிவிட்டார்கள்.

கிளம்பும்போது சடகோபன் தன் ரப்பர் வளையத்தை ரங்கனிடம் கொடுத்தார். எனக்கு ஏறக்குறைய ஆறிவிட்டது, உங்களுக்கு இன்று ஆரம்பிக்கிறது என்றார்.

பஸ்ஸில் வளையத்தின்மேல் ரங்கன் ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்தான். சென்னம்மா ஜன்னலோரம். பஸ் பாக்காலாவைத் தாண்டியது. பிறகு வெளியே பார்த்தபடியே கேட்டாள்.

"நெசத்த சொல்லு. நீயா நின்னியா, காலு மாட்டிக்கிச்சா?"

ரங்கன் அவள் பக்கம் திரும்பினான். சடகோபன் சொல்லித்தந்தபடி, கண்ணை இமைக்காமல் அவள் கண்ணையே பார்த்தான்.

"நானாத்தான் நின்னேன்."

சென்னம்மாவும் அவனைப் பார்த்தாள். "நீயாத்தான் நின்னேன்னு நீ சொல்ற," என்றாள். பிறகு மறுபடியும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. அழவில்லை என்று அவனுக்குத் தெரியும்.

சீசன் தொடங்கியது. தோத்தாபுரி மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் சித்தூர் சாலையில் வரிசை கட்டி நின்றன. நாயை எழுப்பி அனுப்பிவிட்டு, நாற்காலியில் வளையத்தைப் போட்டு, அதன்மேல் ரங்கன் உட்கார்ந்தான். கழுத்தில் விசில். பின்னால் தகரத்தில் கண்ணாடி போட்ட சர்டிபிகேட். பாரம் தூக்காமல் இருந்ததில் இடது கால் கொஞ்சம் கொஞ்சமாகக் கூப்பிட்டால் வர ஆரம்பித்திருந்தது. வெளிநாட்டுக்காரர்கள் ஒருமுறை வந்தார்கள். சர்டிபிகேட்டைப் பார்த்தார்கள், வளையத்தைப் பார்த்தார்கள், எதையோ எழுதிக்கொண்டு போனார்கள். அடுத்த வருடம் எல்லா ஆலைகளிலும் அந்த வளையம் வேண்டும் என்று கேட்கப்போகிறார்கள் என்றான் சலீம்.

ஒரு மத்தியானம், கண்டெய்னர் வாயில் சாய்வுப் பலகையில் ஏறிக்கொண்டிருந்த டிரம் ஒன்று நழுவியது. பலகையில் யாரோ சிந்திவிட்டிருந்த கூழில் வழுக்கியிருக்க வேண்டும். சீனு கத்தினான். கூட்டம் துள்ளியது. டிரம் உருண்டு வந்து, நாற்காலி இருந்த இடத்தில் நேராக மோதி, மூடி தெறித்து, முற்றம் முழுக்க மஞ்சளாகக் கூழ் ஓடியது. நாற்காலியின் இன்னொரு கையும் போனது. வளையம் கூழில் மிதந்தது.

சத்தம் கேட்டுச் சென்னம்மா மாம்பழம் வெட்டும் கத்தியோடு ஷெட்டிலிருந்து ஓடி வந்தாள். ரங்கன் தூரத்தில், ஆபீஸ் படிக்கட்டின்மேல், இரண்டு காலிலும் நன்றாக நின்றுகொண்டிருந்தான். அவனை மேலும் கீழுமாகப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

வேங்கடாசலம் வந்தார். தரையைப் பார்த்தார். தகரத்தில் இருந்த சர்டிபிகேட்டைப் பார்த்தார். இத்தனை வாரம் திருப்பதிக்குப் போய்த் தலைமைப் பயிற்சி எடுத்துக்கொண்டு வந்தாயே, டிரம் சரியும்போது தலைவனாக நீ என்ன செய்தாய் என்று கேட்டார்.

ரங்கன் படியிலிருந்து இறங்கி வந்து அவர் கண்ணைப் பார்த்தான்.

"எல்லாருக்கும் முன்னாடி நான்தான் சார் குதிச்சேன்," என்றான். "என்ன பாத்துதான் மத்தவங்க குதிச்சாங்க."

வேங்கடாசலம் சுற்றிப் பார்த்தார். முற்றத்தின் ஓரத்தில் அங்கங்கே நின்றிருந்த ஆட்களை ஒருமுறை எண்ணினார். சரியாக இருந்தது. கை, கால்களையும் பார்த்தார். அவையும் சரியாக இருந்தன.

"வேற சேர் ஒண்ணு போடச் சொல்றேன்," என்று சொல்லிவிட்டு, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கூழில் கால் படாமல் திரும்பிப் போனார்.